இரண்டாம் வகுப்பு முடியப்போகிறது, பையன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். காத்திருக்கலாமா?

ஈரோட்டு அம்மா

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு ஏழு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. தனியார் பள்ளி, இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரன். கதை சொன்னால் அசையாமல் உட்கார்ந்து கேட்பான், அவன் அப்பா கடையில் நின்றால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுப்பான். வாசிக்கச் சொன்னால் மட்டும் தண்ணீர் தாகம் எடுக்கும், பாத்ரூம் வரும், பென்சில் காணாமல் போகும்.

நேற்று தமிழ்ப் புத்தகத்தில் "கோழி" என்ற சொல். முதலில் "கே" என்றான். அப்புறம் பக்கத்தில் இருக்கும் துணைக்காலைப் பார்த்துவிட்டு "கேஆ" என்றான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். இங்கிலீஷ் வேறு மாதிரி. ரீடர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கடகடவென்று சொல்லிவிடுவான், நான் கையால் படத்தை மறைத்தால் அப்படியே நின்றுவிடுவான். ஒரு வரியில் சரியாகச் சொன்ன வார்த்தையையே அடுத்த வரியில் பார்த்துத் தெரியாது என்கிறான். ஸ்பெல்லிங் கேட்டால் "சி, ஏ, டி, கேட்" என்று ராகமாகச் சொல்வான், அதே வார்த்தையைத் தனியாக எழுதிக் காட்டினால் முழிக்கிறான்.

மிஸ் அடுத்த வருடமும் இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்கிறார். மாமியார், ஆண்பிள்ளைகள் அப்படித்தான், இவன் அப்பனே அஞ்சாம் கிளாஸில்தான் பேப்பர் வாசித்தான் என்கிறார். எதிர்வீட்டுப் பெண் குழந்தை யூ.கே.ஜி. படிக்கிறது, பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரையெல்லாம் வாசிக்கிறது. நான் ஒப்பிடக்கூடாது என்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை.

காத்திருக்கலாமா, டியூஷன் வைக்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சும்மா விடுங்க

மேடம், முதலில் அந்த டியூஷன் யோசனையை விட்டுவிடுங்கள். பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடமே ஆரம்பிக்கிறது. நியூசிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது, 2013இல் என்று நினைவு: ஐந்து வயதில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளையும் ஏழு வயதில் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தார்கள், 11 வயதில் இரண்டு கூட்டத்துக்கும் வாசிப்பில் வித்தியாசம் இல்லை. நம் ஊரில்தான் மூன்று வயதுக் குழந்தை கையில் பென்சிலைத் திணித்து எல்.கே.ஜி. பரீட்சை வைக்கிறோம். என் பையனும் ரொம்ப நாள் வாசிக்கவில்லை, திடீரென்று ஒரு லீவில் கார்ட்டூன் புத்தகங்களோடு உட்கார்ந்தான், அவ்வளவுதான். இப்போது நாங்கள் லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்த வேண்டியிருக்கிறது. சும்மா விடுங்கள், தானாக வரும்.

ஒன்று முதல் மூன்று வரை

அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறவள், அதனால் எழுத்துக்கூட்டும் சத்தம் காதில் எப்போதும் இருக்கும்.

மேலே சார் சொன்ன ஆய்வு உண்மைதான். ஆனால் அது சொல்லும் விஷயம் இந்த அம்மாவின் கேள்விக்குப் பொருந்தாது. ஏழு வயதில் தொடங்கிய அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை யாரும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டு, கதை, பேச்சு என்று போயிருக்கிறது, அப்புறம் முறையாகத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பையனுக்கு மூன்று வயதிலிருந்து தினமும் சொல்லிக்கொடுத்தும் பிடிபடவில்லை. தொடங்காமல் இருந்ததையும் தொடங்கியும் வராமல் இருப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பின்லாந்து மொழியில் எழுதுவது போலவே ஒலிப்பார்கள், அதனால் அங்கே ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள். 2003இல் ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டபோது, அதே நிலைக்கு வர இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடிக்கும் என்று கண்டார்கள். அது தாய்மொழியே இங்கிலீஷாக உள்ள பிள்ளைகளின் கதை, நம் வீட்டில் யாரும் பேசாத மொழியில் நாம் பிள்ளையை அளந்துகொண்டிருக்கிறோம். ஆகவே இங்கிலீஷ் ரீடரை வைத்து முடிவெடுக்காதீர்கள். தமிழில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அந்தக் "கேஆ"வைக் கொஞ்சம் கவனியுங்கள், அவன் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. கொம்பு இடப்பக்கம் வருகிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. கோ என்றால் இடப்பக்கம் இரட்டைக்கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் துணைக்கால், மூன்றையும் சேர்த்து ஒரே ஒலி. அவன் இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசித்திருக்கிறான், எழுத்து முறைதான் அவனை ஏமாற்றிவிட்டது. உகர வரிசை இன்னும் மோசம், கு, சு, டு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. 247 எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஏழு வயதில் அது பாரம்தான். நம்மைப் போலவே உயிர்மெய் உள்ள கன்னடத்தில் ஆய்வு செய்தபோது, எல்லா எழுத்தும் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று தெரிந்தது. ஆக கொம்பு, துணைக்கால் சிக்கல் இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. க, ட, ப, ம போன்ற சாதாரண எழுத்தே இன்று தெரிந்து நாளை மறக்கிறது என்றால் அது வேறு விஷயம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு நாள் அவன் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இருக்கும்போது, பரீட்சை மாதிரி இல்லாமல், முதலில் தனி எழுத்துகளைக் கலைத்துப்போட்டுக் கேளுங்கள். அப்புறம் கா, கி, கீ மாதிரி சுலபமானவை, அப்புறம் கெ, கே, கை, கொ, கோ. எந்த இடத்தில் நிற்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து "டபமி", "பாமிட" என்று அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக்கொடுங்கள். இதைப் படம் பார்த்தோ மனப்பாடமாகவோ ஊகிக்க முடியாது, எழுத்தைப் பார்த்தால்தான் வரும். மெதுவாக ஆனாலும் சரியாகச் சொல்கிறானா? அப்புறம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாய்விளையாட்டு. மல்லி, பல்லி, பூனை, இதில் ஒலியில் சேராதது எது? "பட்டம்" என்ற சொல்லில் "ப"வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? "மரம்" என்ற சொல்லில் "ம"வை எடுத்தால்? (இதற்குப் பதில் வரும்போது சிரிக்காமல் இருங்கள்.) "கடலை"யில் நடுவில் இருக்கும் "ட"வை எடுத்தால்? காதால் கேட்டுப் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைச் சேர்க்க வருவது கஷ்டம், வாசிப்பின் அடித்தளமே அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று நாம் யோசிப்பதே இல்லை. வீட்டில் "வந்துட்டு இருக்காங்க" என்போம், புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று இருக்கும். பிள்ளை எழுத்தையெல்லாம் சரியாகக் கூட்டி முடித்துவிட்டு, இப்படி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லையே என்று விழிக்கும். நீங்கள் கதை சொல்லும்போது பாதி நாளாவது புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்து, பேசுவது கேட்கும் ஆனால் "ப"வுக்கும் "ம"வுக்கும் வித்தியாசம் தெளிவாகக் கேட்காது, நாம் கவனமில்லை என்று திட்டிக்கொண்டிருப்போம்.

எதிர்வீட்டுப் பெண்ணை விட்டுவிடுங்கள். ஏசர் என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வில் 2024இல் எடுத்த கணக்குப்படி இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 27 சதவீதம்தான். இது பெருமைப்படும் எண் இல்லை, ஆனால் உங்கள் பையன் மட்டும் தனியாகப் பின்னால் நிற்கவில்லை. எங்கள் அரசுப் பள்ளிகளில் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் வயதுப்படி இல்லாமல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். குறைகள் உண்டு, பதிவேட்டு வேலை உயிரை வாங்குகிறது, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் மூன்றாம் வகுப்பிலும் அரும்பில் ஒரு பிள்ளை இருக்கலாம், அதற்கான பாடத்தை அதற்கு நடத்தலாம் என்று ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

சும்மா விடுங்க

டீச்சர், நீங்கள் சொல்வதும் சரி. நான் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் கடைசியில் எல்லோரும் வாசித்துவிடுகிறார்கள்தானே?

அடையாறு

இல்லை சார், எல்லோரும் வாசித்துவிடுவதில்லை. "தானாக வரும்" என்று எங்களிடமும் குடும்பத்தில் எல்லோரும் சொன்னார்கள், குழந்தைகள் டாக்டர் உட்பட. என் பெண்ணுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு. இப்போது ஒன்பதாம் வகுப்பு, நன்றாகவே போகிறது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

காத்திருப்பதில் ஒரு கெடுதல் உண்டு. வாசிக்க வருகிற பிள்ளை நிறைய வாசிக்கும், அதனால் புதுச் சொற்கள் சேரும், அதனால் இன்னும் வேகம் கூடும். வராத பிள்ளை புத்தகத்தை விட்டு ஒதுங்கும், மூன்றாம் வகுப்புக்கு மேல் சயின்ஸ், சோஷியல் எல்லாமே வாசித்துத்தான் படிக்க வேண்டும் என்பதால் அங்கேயும் அடி விழும். நடுவில் "நான் மக்கு" என்று அதுவே முடிவு செய்துவிடும். என் பெண்ணிடம் எழுத்தைச் சரிசெய்ததைவிட அந்த ஒரு நினைப்பைச் சரிசெய்யத்தான் அதிக காலம் ஆனது.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்றால்: பேச்சே தாமதமாக வந்ததா, கிழமைப் பெயர்களை வரிசையாகச் சொல்லத் திணறுகிறானா, நீளமான சொல்லில் எழுத்துகள் இடம் மாறுகின்றனவா, மல்லி பல்லி மாதிரி ஒலி விளையாட்டில் தடுமாறுகிறானா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. ஐந்தாம் கிளாஸில் பேப்பர் வாசித்த அப்பாவை உங்கள் மாமியார் ஆறுதலாகச் சொல்கிறார், எனக்கு அது ஒரு துப்பாகத் தெரிகிறது. இது குடும்பத்தில் வருவது. அந்த அப்பாவிடமே இன்னும் கொஞ்சம் கேளுங்கள், இப்போதும் வாசிப்பது அவருக்கு வேகமாக வருகிறதா என்று. எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதுவதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம், ஏழு வயதில் நிறைய பிள்ளைகள் அப்படி எழுதும். புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சில்லறை எண்ணுவதிலேயே அது தெரிகிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுகிறவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு அது வேண்டும். ஆனால் உதவியைத் தொடங்க எந்தச் சான்றிதழும் வேண்டாம், எட்டு வயது ஆகட்டும் என்று அதையும் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்க டி.இ.ஐ.சி. என்று ஒரு பிரிவு உண்டு, 18 வயது வரை பார்ப்பார்கள், செலவு இல்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள், ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இந்தப் பிரச்சினை வெளியே தெரிந்ததும் யாராவது ஒருத்தர் மிட்பிரெயின் ஆக்டிவேஷன், நினைவாற்றல் டானிக், கலர் கண்ணாடி என்று வருவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைக்கிறேன் என்பார்கள். காசு போவதுகூடப் பரவாயில்லை, பிள்ளையின் ஒரு வருடம் போய்விடும்.

ஸ்டுட்கார்ட் தமிழன்

ஜெர்மனியில் இருக்கிறேன், சின்னதாக ஒன்று. இங்கேயும் ஆறு வயதில்தான் பள்ளி. முதல் நாள் ஒரு பெரிய காகிதக் கூம்பில் மிட்டாயும் பென்சிலும் நிரப்பிக் கையில் கொடுப்பார்கள், ஊரே திருவிழா மாதிரி இருக்கும். என் பெண் போன அன்று அவள் பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாது, யாரும் கவலைப்படவில்லை. ஆனால் கிண்டர்கார்டனில் சும்மா விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுத்தைக் காட்டவில்லையே தவிர, சொல்லை அசை அசையாகக் கைதட்டிப் பிரிப்பது, ஒரே மாதிரி முடியும் சொற்களைத் தேடுவது என்று தினமும் நடந்தது, டீச்சர் மேலே சொன்ன அதே வாய்விளையாட்டு. ஒன்றாம் வகுப்பு தொடங்கியதும் கிடுகிடுவென்று போனார்கள். அதே வகுப்பில் ஒரு பையனுக்கு வரவில்லை, அவனை இரண்டாம் வகுப்பு முடியும்வரைகூட விட்டுவைக்கவில்லை, தனியாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். வெளிநாட்டில் நிதானமாக விடுகிறார்கள் என்று நம் ஊரில் சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

ஈரோட்டு அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். தனி எழுத்துகள் எல்லாம் தெரிகிறது, "ஞ"வும் "ங"வும் தவிர. கா, கி சரி. கொ, கோ, கை வரிசையில்தான் மாட்டிக்கொள்கிறான், தை என்பதைத் "தெ" என்கிறான். அர்த்தமில்லாத சொற்களை ரொம்ப மெதுவாக, ஆனால் சரியாகச் சொன்னான், அவனுக்கே சிரிப்பு. "பட்டம்" சரியாகச் சொன்னான், "மரம்" கேட்டதும் அவன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். "கடலை"யில் நடு எழுத்தை எடுக்கத் தெரியவில்லை. கிழமைகளைச் சரியாகச் சொல்கிறான். எதிரே மாட்டியிருக்கும் காலண்டரில் பெரிய எழுத்தைப் பார்க்கச் சொன்னால் கண்ணைச் சுருக்குகிறான், இதை நான் டிவி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன். கண் டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லியிருக்கிறோம். அவன் அப்பாவிடமும் கேட்டேன், பேப்பரில் தலைப்பு மட்டும்தான் பார்ப்பேன், உள்ளே வாசிக்கப் பொறுமை இல்லை என்றார். சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இரண்டு கேள்வி. பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஹிந்தியும் உண்டு, அதிலும் சிவப்பு மைதான். விட்டுவிடலாமா? அப்புறம் அதே வகுப்பில் நிறுத்திவைக்கிறேன் என்கிறார்களே, ஒத்துக்கொள்ள வேண்டுமா?

ஒன்று முதல் மூன்று வரை

நல்ல செய்திதான். சாதாரண எழுத்தும் அர்த்தமில்லாத சொல்லும் வருகிறது என்றால் பாதை திறந்திருக்கிறது, கொம்பு உள்ள எழுத்துகளில் பழக்கம் போதவில்லை. நடு எழுத்தை எடுப்பது இந்த வயதில் பல பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான். அப்பா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அடையாறு அம்மா சொன்ன இடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள், அதற்காக மற்றதை நிறுத்திவைக்க வேண்டாம்.

ஹிந்தியை இப்போதைக்கு விடச் சொல்லிப் பள்ளியில் கேளுங்கள். ஏழு வயதில் மூன்று எழுத்து முறை, அதில் ஒன்றில் எழுத்துகள் மேல்கோட்டில் தொங்கும், ஒன்றில் கொம்பு முன்னால் வரும், ஒன்றில் எழுதுவது ஒன்று சொல்வது ஒன்று. முதலில் ஏதாவது ஒன்றில் ஓடட்டும். வீட்டில் பேசும் மொழியில் வாசிக்க வந்துவிட்டால் மற்றதற்கு அந்தப் பழக்கம் கைகொடுக்கும், இதை வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் அ, ஆ என்று முதலிலிருந்து ஓட்டாதீர்கள். ட, ப, ம, இதோடு ட், ம் சேர்த்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம், வாசிக்கிறோம் என்ற தெம்பு வரும். அதே எழுத்துகளுக்குக் கொம்பு போடுங்கள்: மெ, மே, மை, மொ, மோ. அட்டையில் "ம"வை நடுவில் வைத்துவிட்டு, கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டாக வெட்டி அவன் கையாலேயே இரண்டு பக்கமும் வைத்துப்பார்க்கச் செய்யுங்கள். வைத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. "கேஆ" அதில் போய்விடும். தினமும் பத்து நிமிடம் போதும், கொட்டாவி வந்தால் மூடிவிடுங்கள். பத்து தடவை எழுது என்ற இம்போசிஷன் மட்டும் வேண்டாம், அவன் கை எழுதும், கண் வேறெங்கோ இருக்கும்.

அடையாறு

நிறுத்திவைப்பது பற்றி: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அப்படிச் செய்யக்கூடாது. 2019இல் கொண்டுவந்த திருத்தம் 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு மட்டும்தான், இரண்டாம் வகுப்புக்கு இல்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், பாதி இடத்தில் அத்தோடு பேச்சு அடங்கிவிடும். அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு வருடம் நடத்தினால் பிள்ளைக்கு என்ன புதிதாக வரப்போகிறது என்றும் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை கண் டாக்டர் பவர் என்ன சொன்னார் என்று போடுங்கள். காதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அடுத்த சளிக்குத்தான் ஞாபகம் வரும்.